மூன்றாம் சுற்றில் நாற்பத்தாறு பேர்

"ராத்திரி கரெண்ட் போயிருக்கு. காலையில வந்து பாத்தா, எஃப் ஒன் அமுக்கு, எஃப் ஒன் அமுக்குன்னு மெஷின் கேட்டுகிட்டு நிக்குது. நான்தான் அமுக்கி, செவுத்துச் சீட்டுல இருந்தத அடிச்சு ஓட விட்டுட்டேன்."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரிகை அடித்துத் தரும் டிடிபி கடை தேவசகாயத்துடையது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அதன் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே வந்த சிந்துஜா நிமிராமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"ராத்திரி எத்தன மணிக்கு அங்கிள் போச்சு?"

"வீட்டுல ஃபேன் நின்னப்ப பதினொன்றரை. கொசு எழுப்பி விட்டுது. எப்ப வந்துதுன்னு தெரியல, நான் தூங்கிட்டேன்."

"நீங்க எப்ப அமுக்குனீங்க?"

"ஆறு மணி இருக்கும்."

சிந்துஜா பின்னால் வந்த பிரிசில்லாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஆறரை மணி நேரம்டீ. ஆறரை மணி நேரம் சும்மா நின்னிருக்கு. ராத்திரி மூணு மணிக்கு முடிஞ்சிருக்க வேண்டியது."

"எங்கப்பா வந்து அமுக்கலன்னா இப்பவும்தான் நின்னிருக்கும். இப்ப ஓடுது இல்ல? அத பாரு."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரி வரியாக மேலே ஏறியது. நான்கு வரி வேகமாக ஏறும். ஒரு வரி நிற்கும். ஹார்டு டிஸ்க் உள்ளே எதையோ சுரண்டுகிற மாதிரி சத்தம் கேட்கும். மறுபடி ஏறும்.

சிந்துஜாவும் பிரிசில்லாவும் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. கடைசி வருஷம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிராஜெக்ட். புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். புரோகிராமில் தப்பு இருந்தால் அது இங்கிலீஷில் சொல்லும். இவர்கள் அதைப் பிரித்துக் கை வைத்து, தப்பைத் தமிழில் சொல்லும்படி மாற்றியிருந்தார்கள். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ்தான். அந்தத் திரைக்கு அதற்கு மேல் வராது. கைடு ஞானாம்பாள் மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"கம்பைலர் வயித்துல கைய வச்சிட்டீங்க. உள்ள எதையாவது அறுத்து விட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? பழைய கம்பைலர வச்சு உங்களோடத செய்யுங்க. அது முத சுத்து. அத வச்சே அத மறுபடி செய்யுங்க. அது ரெண்டாவது. அத வச்சு இன்னொரு தடவ. ரெண்டாவதும் மூணாவதும் ஒரு புள்ளி மாறாம ஒண்ணா இருந்தாத்தான் கையெழுத்து."

கல்லூரி லேபை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஒரு சுற்றுக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் தேவசகாயம் கடையின் பழைய மெஷின். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தது.

வைவா இன்றைக்கு இரண்டு மணிக்கு. தவறினால் அடுத்தது நவம்பரில்தான். பிரிசில்லாவுக்கு நவம்பர் ஆனாலும் ஒன்றும் குடி முழுகாது. சிந்துஜாவுக்குச் சென்னையில் வேலை ஆர்டர் வந்திருந்தது. ஜூன் பதினைந்தாம் தேதி கையில் சர்டிபிகேட்டோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்துவிடுவார்.

"ஏம்மா, நூத்துக்கு எத்தன முடிஞ்சிருக்குன்னு காட்டாதா இது?" என்று கேட்டார் தேவசகாயம். "சிடி போட்டா நீலமா ஒரு கோடு நீண்டுகிட்டே போவுமே."

"காட்டாது அங்கிள். அதுக்கே எவ்வளவு மிச்சம்னு தெரியாது. ஒண்ண முடிச்சிட்டு அடுத்தத எடுக்கும், அவ்வளவுதான்."

"அப்ப உனக்கு எப்பிடித் தெரியும்?"

சிந்துஜா நீள நோட்டைத் திறந்து காட்டினாள். இருநூற்று நாற்பத்துமூன்று கோப்புகளின் பெயர்கள். முதல் சுற்று ஓடும்போதே ஒவ்வொன்றாக எழுதியது. பக்கத்தில் மூன்று கட்டம், சுற்றுக்கு ஒன்று. டிக் போட்ட இடத்திலேயே மணியும் பொடியாக எழுதியிருந்தாள்.

"ஒருத்தர் நாலு செகண்டுல போயிடுவாரு. ஒருத்தர் ஒரு நிமிஷம். இதோ பாருங்க, இந்த ஒண்ணு மட்டும் பதினோரு நிமிஷம்."

"அது யாரு அவ்வளவு பெரிய ஆளு?"

"பேரு வாயில நொழையாதுப்பா. நாங்க மாமியார்னு வச்சிருக்கோம்" என்றாள் பிரிசில்லா. "வந்து உக்காந்தா எழுந்திரிக்க மாட்டா. ஸ்கிரீன் அசையாது. செத்துப் போச்சுன்னு நெனச்சிடுவோம்."

தேவசகாயம் சிரித்தார். சிந்துஜா சிரிக்கவில்லை. ராத்திரி ஓடியதையெல்லாம் மெஷின் ஒரு கோப்பிலும் எழுதி வைத்திருந்தது. அதைப் பார்த்து மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். போட்டு முடித்ததும் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.

"ஒன்பதே முக்காலுக்கு முடியும். பன்னெண்டு மணி கரெண்ட் கட்டுக்கு முன்னால நாம பஸ்ஸுல இருப்போம்."

ஏழு நாற்பதுக்கு மாமியார் வந்தாள். திரை நின்றது. பதினோரு நிமிஷமும் சிந்துஜா நின்றபடியே இருந்தாள். ஏழு ஐம்பத்தொன்றுக்கு அடுத்த வரி ஏறியதும்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

"ஏய், நீ இப்பிடி ஆடிக்கிட்டே இருந்தா அது வேகமா ஓடிடுமா? வா, குளிச்சிப் புடவை கட்டிகிட்டு வந்துடலாம். எங்கம்மாவ உக்கார வைக்கிறேன்."

பிரிசில்லாவின் அம்மா சவரியம்மாள் அங்கன்வாடி டீச்சர். ஒன்பதரைக்குப் போனால் போதும். "பேரப் பாத்து டிக் போடணும், அவ்வளவுதானே? இருவது வருஷமா அதுதான்டீ என் வேல" என்று நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் புடவையில் திரும்பி வந்தபோது ஒன்பது ஐந்து.

"எங்க ஆன்ட்டி இருக்கு?"

"நல்லாப் போவுதும்மா. ஒருத்தரையும் விடல. இப்ப உங்க மாமியாரு வந்திருக்கா."

சிந்துஜாவின் கை, குத்தாத பின்னோடு தோளிலேயே நின்றது.

"மாமியார் காலையிலேயே வந்துட்டுப் போயிட்டாளே ஆன்ட்டி."

"ஆமா, டிக் இருந்துச்சு. அதான் பக்கத்துல இன்னொண்ணு போட்டேன்."

நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மூன்றாவது கட்டத்தில் முப்பது பெயர்களுக்கு மேல் இரண்டிரண்டு டிக். அழகாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று.

"ஆன்ட்டி! ரெண்டாவது தடவ வந்தப்பவே சொல்லக் கூடாதா?"

"இதுல என்னா இருக்கு? எங்க சென்டர்ல காலையில வந்துட்டுப் போன புள்ள மத்தியானம் சாப்பாட்டுக்கு மறுபடி வந்தா ரெண்டு டிக்தான் போடுவோம். நீங்களும் மூணு தடவ வரும்னு சொன்னீங்க."

"அது சுத்துக்கு ஒரு தடவம்மா!" என்றாள் பிரிசில்லா. "ஒரே சுத்துல ஒருத்தரே ரெண்டு தடவ வரக் கூடாது."

"அத மொதல்லியே சொல்லணும்."

சிந்துஜா ஓட்டத்தை நிறுத்தினாள். மேலே போன வரிகளைப் பின்னோக்கி இழுத்தாள். கம்பைல் வரிகளுக்கு நடுவில் சின்னதாக ஓர் எச்சரிக்கை, ஒரு தடவை இல்லை, நாற்பது தடவை. இந்தக் கோப்பின் தேதி வருங்காலத்தில் இருக்கிறது. வருங்காலத்தில் இருக்கிறது.

மெஷினிடம் தேதியைக் கேட்டாள். சொன்னது.

"ரெண்டாயிரம், ஜனவரி ஒண்ணு" என்று படித்தாள் பிரிசில்லா. "விடிகாலை மூணு மணி. ஒன்பது வருஷம் பின்னால போயிட்டோம்."

"அது எப்பவும் அப்பிடித்தான்" என்றார் தேவசகாயம். "உள்ள வாட்ச் பேட்டரி மாதிரி ஒண்ணு இருக்கும். அது செத்து ரெண்டு வருஷமாச்சு. கரெண்ட் சுத்தமாப் போனா ரெண்டாயிரத்துக்குப் போயி நின்னுகிட்டு எஃப் ஒன் கேக்கும். அமுக்கிட்டு நான் பாட்டுக்கு வேலயப் பாப்பேன். பத்திரிகையில தேதி நான்தானே அடிக்கிறேன், மெஷினா அடிக்குது?"

"நேத்து நான் சரி பண்ணித்தானே ஆரம்பிச்சேன்" என்றாள் பிரிசில்லா.

"பண்ணுன. செவுத்துல சீட்டு ஒட்டுனியே, நின்னா இத அடிங்கன்னு. அதுல தேதியப் பத்தி எழுதுனியா?" என்றாள் சிந்துஜா.

"கரெண்ட் போவும், அப்பா வந்து அமுக்குவாருன்னு யாருடீ கண்டா?"

"நான் என்னா தப்பு பண்ணேன்?" என்றார் தேவசகாயம். கேட்ட விதத்தில், தப்பு பண்ணிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சிந்துஜா அவர் பக்கம் திரும்பினாள். குரலை இறக்கிக்கொண்டாள். "அங்கிள், இது ஒவ்வொண்ணுலயும் தேதியத்தான் பாக்கும். நாம எழுதுனது பழசு, அதுலேருந்து செஞ்சது புதுசுன்னா, சரி, வேல முடிஞ்சிதுன்னு தாண்டிப் போவும். காலையிலேருந்து செஞ்சதெல்லாம் ரெண்டாயிரமாம் வருஷத்துல செஞ்ச மாதிரி தேதி விழுந்திருக்கு. நாங்க எழுதுனது ரெண்டாயிரத்து ஒன்பதுல. அப்ப அதுக்கு என்னா தோணும்? இது பழசு, மறுபடி செய்யணும். செஞ்சா மறுபடியும் ரெண்டாயிரம். மறுபடியும் பழசு."

"ஐயையோ. அப்ப முடியவே முடியாதா?"

சவரியம்மாள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "ஒன்பதரை ஆவுது. நான் இங்க நின்னா இன்னும் எதுக்காவது டிக் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"டச் பண்ணிடலாம்டீ" என்றாள் பிரிசில்லா. "தேதிய சரி பண்ணிட்டு, எல்லாத்தையும் ஒரு தட்டுத் தட்டுனா எல்லாத்துக்கும் இன்னிக்குத் தேதி விழுந்துடும். முடிஞ்சிதுன்னு நம்பிட்டு மேல போயிடும்."

"எல்லாத்தையும் தட்டக் கூடாது. நான் இப்ப நிறுத்துனப்ப மாமியார் பாதியில இருந்தா. ராத்திரி கரெண்ட் போனப்பவும் ஒருத்தர் பாதியில நின்னிருப்பாரு. அரைகுறையா எழுதுனதுக்கு முடிஞ்சிதுன்னு தேதி போட்டா?"

"அந்த ரெண்டு பேர மட்டும் அழிச்சிடு."

"ரெண்டு பேருதான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"உனக்குத் தெரியும்ல? நோட்டு யார்கிட்ட இருக்கு?"

சிந்துஜா நோட்டையும் ராத்திரிக் கோப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியாக வந்த பெயர் ஒன்று. அளவு பார்த்தாள். முந்தைய சுற்றில் இருந்ததில் பாதிதான் இருந்தது. அழித்தாள். மாமியாரையும் அழித்தாள். தேதியை ஜூன் ஒன்று என்று மாற்றினாள். மிச்சமிருந்த ரெண்டாயிரத்துக் கோப்புகளையெல்லாம் தொட்டுவிட்டு, மறுபடி ஓடச் சொல்லும் அந்த நான்கு எழுத்தை அடித்தாள். அடித்த பிறகும் விரல் அந்தச் சாவியின் மேலேயே இருந்தது.

மாமியார் மறுபடி வந்தாள், பதினோரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவை இதுவரை வராத பெயர்கள்.

"சரியாப் போவுது பாரு" என்றாள் பிரிசில்லா.

"போவுது. ஆனா நாம செஞ்சது சரியான்னு கடைசியிலதான் தெரியும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கும்போது."

"நீ சாப்புடு மொதல்ல."

இட்லியைப் பிட்டு வாயருகில் கொண்டுபோனாள். ஒரு வரி ஏறியது. இட்லியைக் கீழே வைத்துவிட்டு டிக் போட்டாள்.

சரியாகப் பத்து மணிக்கு ஃபேன் நின்றது. சில நிமிஷமே தாங்கும் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

"பன்னெண்டுக்குத்தானே போவும்?" என்று தேவசகாயம் வாசலுக்கு ஓடினார். பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் வெளியில் நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

"என்னா மச்சான், இன்னிக்குத் தேதி ஒண்ணு. மாசம் பொறந்தா நேரம் மாத்துவான்ல? இனிமே நமக்குப் பத்துலேருந்து பன்னெண்டு."

அவர் திரும்பி வருவதற்குள் சிந்துஜா முறைப்படி நிறுத்திவிட்டிருந்தாள். யூபிஎஸ் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அதையும் அமுக்கினாள்.

"எத்தன பேரு?" என்றாள் பிரிசில்லா.

"நாப்பத்தாறு. கடைசியில கொஞ்சம் பெரிய ஆளுங்க. ஒன்றரை மணி நேரம்."

"பன்னெண்டுக்கு வரும். ஒன்றரைக்கு முடியும். பஸ்ஸு..."

"மூணு மணிக்குச் சிதம்பரம். வைவா ரெண்டு மணிக்கு."

கடை இருட்டில் மூன்று பேரும் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேவசகாயம்தான் முதலில் குனிந்தார். பின்னால் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"அப்பா, பிரிண்டர் இதுலதானே ஓடும்? இன்னிக்கு யாராவது வந்தா?"

"திங்கக்கிழம காலையில யாரு வரப் போறா? அந்தப் பெட்ஷீட்ட எடு."

"சும்மா இருந்த மெஷின நானே கெடுத்துட்டு..." என்று அவர் முணுமுணுத்தது சிந்துஜாவுக்குக் கேட்டது. "நீங்க கெடுக்கல அங்கிள்" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் சிந்துஜா. மடியில் பெட்ஷீட்டில் சுற்றிய பெட்டி. கண்டக்டர் விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா இது, டிவியா?"

"தட்டாதீங்கண்ணே. கம்ப்யூட்டரு."

"ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல. பாதி வேலையில நிக்குது."

"என்னா வேல?"

"கம்ப்யூட்டர் வேலதான்" என்றாள் பிரிசில்லா. கண்டக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. முன் சீட்டில் இருந்த பெரியவர் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பெட்டிக்குள் ஏதாவது அசைகிறதா என்று.

காரைக்காடு தாண்டி ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் சிந்துஜா பெட்டியை மடியிலிருந்து தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள். புதுச்சத்திரம் வருவதற்குள் தோள் இரண்டும் விட்டுப்போயின.

"இந்நேரம் நீ படிச்சிருக்கலாம். நான் கேள்வி கேக்கறேன், சொல்லு. சின்டாக்ஸ் ட்ரீன்னா என்னா?"

"அதுல பாதி கோப்ப நான் இன்னும் சரி பாக்கல."

"எதுலடீ?"

"தட்டுனதுல. அளவு மட்டும்தான் பாத்தேன். அளவு சரியா இருந்து உள்ள தப்பா இருந்தா?"

"நீ நவம்பர்லயே எழுதலாம் போலருக்கு. அதுக்குள்ள எனக்கும் பைத்தியம் பிடிச்சிடும்."

கல்லூரிக்கு ஆட்டோவில் போய் இறங்கியபோது பன்னிரண்டரை. லேப் இருட்டாக இருந்தது. சிதம்பரத்தில் பன்னிரண்டிலிருந்து இரண்டு. ஜெனரேட்டர் எதிரில் அட்டெண்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் ஆன் பண்ணுங்கண்ணே."

"எக்ஸ்டர்னல் வந்தா ஆன் பண்ணச் சொல்லியிருக்காங்க. டீசல் அவ்வளவுதான் இருக்கு."

"அவரு எப்ப வருவாரு?"

"ரெண்டுக்கு."

"ரெண்டுக்குக் கரெண்டே வந்துடுமேண்ணே!"

"அதனாலதான் டீசல் மிச்சமாவுது" என்றார் அவர், ரொம்பப் பொறுமையாக.

ஒயர்களை மாட்டி வைத்துவிட்டு இருட்டு லேபில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். ஞானாம்பாள் மேடம் எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் நாப்பத்தாறு பேரு மேடம்."

"யாரு? எங்க?"

சொன்னார்கள். பேட்டரி, எஃப் ஒன், தேதி, டச், எல்லாவற்றையும். மேடத்தின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"கையால தேதி போட்டீங்களா? அப்புறம் அது முடிஞ்சாலும் நான் எத நம்பறது?"

"ஒப்பிட்டுப் பாக்கறத நாங்க தொடல மேடம். அதத்தான் நம்பணும்."

"சரி, உங்க பேட்ச கடைசியில போடச் சொல்றேன். அதுக்கு மேல என்னால ஆவாது."

இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தது. எஃப் ஒன். தேதி. அதை இரண்டு தடவை சரிபார்த்தாள். நான்கு எழுத்து. வரி ஏறியது. நாற்பத்தாறு, நாற்பத்தைந்து.

எக்ஸ்டர்னல் பேராசிரியர் செந்தமிழ்செல்வன் கும்பகோணத்தில் இருந்து வந்திருந்தார். பையைக் கழற்றாமலேயே உட்கார்ந்தார். நாலு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்று வந்ததும் சொல்லிவிட்டார். முன்னால் நான்கு பேட்ச். லேபின் மறுகோடியில் அவர் கேட்கும் கேள்விகளில் பாதி சிந்துஜாவின் காதில் விழுந்தது. பதில் எதுவும் விழவில்லை. முப்பது. இருபத்தொன்பது. மெஷின் கல்லூரிக்கு வந்ததால் வேகமாகிவிடவில்லை. கடலூரில் ஓடிய மாதிரிதான் ஓடியது.

மூன்று இருபதுக்கு அவர் இவர்கள் மேஜைக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா, ஓடிக்கிட்டு இருக்கு?"

"மூணாவது சுத்து சார். இன்னும் ஏழு பேரு. பன்னெண்டு நிமிஷம் ஆவும், அப்புறம் ஒப்பிடறதுக்கு..."

"மேடம் சொன்னாங்க. நீ ஒண்ணு பண்ணு. இத நிறுத்து. ரெண்டாவது சுத்துல வந்தது கையில இருக்குல்ல? அதுவும் கம்பைலர்தான். அத ஓட்டிக் காட்டு, மார்க் போட்டுட்டுக் கிளம்பறேன்."

பிரிசில்லாவின் முழங்கை சிந்துஜாவின் விலாவில் இடித்தது. சரின்னு சொல்லு என்று அர்த்தம். இரண்டாவது சுற்று ஞாயிற்றுக்கிழமையே, கரெண்ட் போவதற்கு முன்னால், சுத்தமாக முடிந்தது. அதைக் காட்டினால் போதும். நவம்பர் கிடையாது. பதினைந்தாம் தேதி சென்னை.

திரையில் ஒரு வரி ஏறியது. ஆறு.

"சார், ஒரு இருவது நிமிஷம் குடுங்க சார்."

"எதுக்கும்மா? நான்தான் வேணாம்னு சொல்றேனே."

"காலையில நான் கையால தேதி மாத்துனேன் சார். பாதிய நான் முடிஞ்சிதுன்னு சொல்லி ஏமாத்தித்தான் இது ஓடுது. அது சரியா தப்பான்னு இது முடிஞ்சாத்தான் எனக்கே தெரியும். நிறுத்திட்டா எனக்கு மார்க் வந்துடும் சார். ஆனா தெரியாமப் போயிடும்."

"தப்பா வந்துச்சுன்னா?"

"தப்புன்னு போடுங்க சார்."

"அடிப்பாவி" என்றாள் பிரிசில்லா. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் லேப் அவ்வளவு அமைதியாக இருந்தது.

செந்தமிழ்செல்வன் வாட்சைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். அப்புறம் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாராவது ஒரு ஆட்டோவுக்குச் சொல்லி வைங்க. மூணே முக்காலுக்கு வாசல்ல நிக்கணும்."

ஐந்து. நான்கு. மூன்றாவதாக நிற்கிறவர் இரண்டரை நிமிஷம் எடுக்கிறவர். சிந்துஜா நோட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு. ஒன்று. கடைசிப் பெயருக்கு டிக் போட்டபோது மணி மூன்று முப்பத்து நான்கு.

அதோடு வரி ஏறுவது நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் அவர்.

"ஒப்பிடுது சார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாது சார். இதுவரைக்கும் இங்க வந்ததே இல்ல."

எண்ணுவதற்குப் பெயர் இல்லை. பெட்டியின் முன்னால் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. பிரிசில்லா சிலுவை போட்டுக்கொண்டாள். சிந்துஜா பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். ஞானாம்பாள் மேடம் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி மேஜையில் வைத்தார். ஒரு நிமிஷம். இரண்டு. வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை.

ஒரு வரி வந்தது.

செந்தமிழ்செல்வன்தான் படித்தார். "கம்பாரிசன் சக்ஸஸ்ஃபுல்."

சிந்துஜா அதை இன்னொரு தடவை தானே படித்தாள். அப்புறம் உட்கார்ந்தாள். காலையில் இருந்து அவள் முதுகு நாற்காலியில் பட்டது அப்போதுதான்.

"உக்காராத. எழுந்திரு" என்றார் அவர். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, நான்கு வரியில் ஒரு புரோகிராம் அடித்தார். மூன்றாவது வரியில் அரைப்புள்ளி வைக்காமல் விட்டார். புதிய கம்பைலரிடம் கொடுத்தார். இரண்டு செகண்ட். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மூன்றாம் வரி முடியவே இல்லை. அரைப்புள்ளி எங்கே?" சிரித்துவிட்டார். "வாத்தியார் திட்டற மாதிரியே இருக்கு. யாரு எழுதுனது?"

"இவதான் சார். வீட்டுலயும் இப்பிடித்தான் பேசுவா" என்றாள் பிரிசில்லா.

நின்றபடியே இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்குச் சிந்துஜா சரியாகச் சொன்னாள். இன்னொன்றுக்குப் பிரிசில்லா பாதி சொன்னாள். நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

"இப்பவாவது சிரிடீ."

"சிரிக்கறேன்" என்றாள் சிந்துஜா. "சின்டாக்ஸ் ட்ரீன்னா என்னான்னு கேட்டியே, பஸ்ஸுல. அதத்தான் அவரும் கேட்டாரு."

"நல்லவேள, வழியெல்லாம் பொலம்பிகிட்டே மனசுக்குள்ள படிச்சிருக்க."

பிரிசில்லாவின் செல்போன் அடித்தது. கடலூரில் இருந்து தேவசகாயம்.

"அப்பா, முடிஞ்சிதுப்பா! பாஸ்! ரெண்டும் ஒண்ணா வந்துடுச்சி!"

"அப்பிடியா! ஆண்டவரே. நல்லது, நல்லது. எங்க அவ, சிந்துஜா? குடு. ஏம்மா, சந்தோஷம்மா. காலையிலேருந்து எனக்கு ஒரு வாய் எறங்கல."

"எல்லாம் உங்க மெஷினாலதான் அங்கிள்."

"சரிம்மா, அது இருக்கட்டும். அந்த மெஷினு எப்ப வரும்?"

"ஏன் அங்கிள்?"

"இங்க சாவு வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்கம்மா. கருமாதி பத்திரிகை. நாளைக்குக் காலையில ஊருக்கெல்லாம் குடுத்தாவணுமாம். பிரிண்டரு வேற எந்த மெஷின்லயும் ஓட மாட்டேங்குது. ரெண்டு தடவ டீ வாங்கிக் குடுத்துட்டேன். எத்தன மணிக்கு வரும்னு கேக்கறாங்க, நான் என்னா சொல்றது?"

சிந்துஜா ஒரு கையால் ஒயரைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். "இதோ கிளம்பிட்டோம் அங்கிள். நாலேகால் பஸ்."

"ஏறுனதும் போன் பண்ணு. அப்புறம் முட்லூர் தாண்டுனா ஒண்ணு பண்ணு. புதுச்சத்திரம் வந்தா ஒண்ணு. ஆலப்பாக்கம் வந்தா ஒண்ணு. நான் அவுங்ககிட்ட சொல்லிகிட்டே இருக்கேன். ஒண்ணுமே சொல்லாம சும்மா உக்கார வைக்க முடியலம்மா."

"பண்றேன் அங்கிள்" என்றாள். பெட்ஷீட்டை விரித்தாள். "பிரிசி, அந்தப் பக்கம் பிடி. சீக்கிரம்."